ஐஸ் கம்பெனியின் சூடான சுவர்

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா எழுப்பினார். வாசலில் சைக்கா நின்றது, பக்கவாட்டில் இருக்கை வைத்த ரங்கூன் சைக்கிள் ரிக்‌ஷா. பக்கத்து இருக்கையில் கோணிச் சாக்கை விரித்து என்னை உட்காரவைத்துவிட்டு அவர் மிதித்தார். ரங்கூன் காளியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவருக்கு ஃபலூதா கடை. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தள்ளுவண்டி, நான்கு முக்காலி, கலர் கலராக ஜெல்லி மிதக்கும் கண்ணாடி ஜாடிகள், அவ்வளவுதான். அன்று கடைப் பையன் வரவில்லை. ஐஸ் பாளத்தை ரம்பத்தால் அறுக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வீட்டில் மூத்தவள் நான்.

ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. அமோனியா நெடி. தரை முழுக்க மரப்பலகை, பலகைக்குக் கீழே உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் கழுத்தளவு முங்கி நிற்கும் நீள நீளத் தகரக் கூடுகள். கூட்டுக்குள் நல்ல தண்ணீர். சங்கிலி போட்டு ஒரு வரிசைக் கூடுகளை மேலே தூக்குவார்கள். பக்கத்தில் இருக்கும் சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு. ஓரம் மட்டும் லேசாக இளகும். சாய்த்தால் பாளம் 'சர்ர்' என்று பலகையில் வழுக்கிக்கொண்டு வரும். பக்கங்கள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், நடுவில் மட்டும் பஞ்சு அடைத்த மாதிரி வெள்ளை. தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும்போது, அதில் கரைந்திருந்த காற்று தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டு நடுவில் போய் மாட்டிக்கொண்டதுதான் அந்த வெள்ளை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது.

அப்பா காசு கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கட்டடத்தின் பின்பக்கம் போனேன். அங்கே வேறு ஊர். வளைந்து வளைந்து போகும் குழாய்கள்மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஆவி எழுந்தது. சூரியன் இன்னும் வரவில்லை, ஆனால் சுவரைத் தொட்டால் சுட்டது.

ஓடிவந்து கேட்டேன். "அப்பா, ஐஸ் செய்ற எடத்துல சுவரு ஏம்ப்பா சுடுது?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணிக்குள்ள இருந்த சூட்டப் புடுங்குனா, அது எங்கயாச்சும் போயாகணும்ல தாயி."

என்னைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். கூட்டில் ஊற்றுவது பச்சைத் தண்ணீர். அதில் என்ன சூடு?

இப்போது நான் வீட்டில் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். நாலாம் வகுப்பைத் தாண்டாத அப்பா அன்று சொன்ன ஒரே வரியைத்தான் ஒவ்வொரு வருஷமும் மூன்று வகுப்பு எடுத்து விளக்குகிறேன். பாடத்தை இப்படித் தொடங்குவேன். ஒரு கிண்ணம் நிறைய உடைத்த ஐஸ், நடுவில் வெப்பமானி, அடியில் சின்ன விளக்கு. நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதுங்கள் என்று விட்டுவிடுவேன். 0, 0, 0, 0. பத்து நிமிஷத்தில் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். "டீச்சர், இது கெட்டுப்போச்சு" என்று ஒருவனாவது வெப்பமானியை உதறிப் பார்ப்பான். அந்த உதறலுக்காகத்தான் காத்திருப்பேன்.

அவன் கேள்வியில் தப்பில்லை. அடியில் தீ எரிகிறது, சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெப்பமானி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. அப்படியானால் போன சூடு எங்கே? 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஜோசஃப் பிளாக் என்ற பேராசிரியர் இதே கேள்வியோடு உட்கார்ந்தார். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் உறைநிலைக்குப் பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர், மற்றதில் அதே எடை ஐஸ். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் அரை மணி நேரத்தில் நாலு டிகிரி சொச்சத்துக்கு ஏறியது. ஐஸ் உருகி, அந்த இடத்துக்கு வந்துசேரப் பத்தரை மணி நேரம் பிடித்தது. அரை மணி நேரம் எங்கே, பத்தரை மணி நேரம் எங்கே! அறையின் சூடு இரண்டுக்கும் ஒரே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஐஸ் அதை வாங்கி வாங்கி எங்கோ முடிந்துகொண்டது. பிளாக் கணக்குப் போட்டுச் சொன்ன அளவு, இன்று நாம் சொல்லும் 80 கலோரிக்கு ஆச்சரியப்படும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கிராம் ஐஸ் 0 டிகிரியில் இருந்து அதே 0 டிகிரித் தண்ணீராக மாற 80 கலோரி. அந்த 80 கலோரியை ஒரு கிராம் தண்ணீருக்குக் கொடுத்தால் அது 0-இலிருந்து 80 டிகிரிக்குப் போய்விடும், கை வைக்க முடியாது.

எங்கள் காலத்துப் பத்தாம் வகுப்பில் இயற்பியல் ஆங்கிலத்தில். தமிழ் என்பது கோயில் திண்ணையில் சாயங்கால வகுப்பு, ஆத்திசூடியும் தேவாரமும். அதனால் இந்தச் சூட்டுக்குத் தமிழில் என்ன பெயர் என்பது இருபது வயதுக்கு மேல்தான் தெரியும். கோயில் அலமாரியில் யாரோ தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய அறிவியல் பாடப்புத்தகம் ஒன்று கிடந்தது. அதில் 'உள்ளுறை வெப்பம்' என்றிருந்தது. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு முந்திய வாரம்தான் தமிழ் வாத்தியார் உள்ளுறை உவமத்தைப் பாடம் நடத்தியிருந்தார். பாட்டு தாமரையையும் மீனையும் நாரையையும் பற்றிப் பேசிக்கொண்டே போகும், தலைவியின் மனக்குறை அதற்குள் ஒளிந்து கிடக்கும். வெளியே படித்தால் வெறும் குளக்கரைக் காட்சி. இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் பெயரை வைத்துப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியாது. நான் சொல்லும் உதாரணம் நகை. கையில் ரொக்கம் வருகிறது. அப்பத்தா அதைக் கொண்டுபோய் வளையலாக மாற்றிவிடுகிறார். பர்ஸைத் திறந்து பார்த்தால் பணம் இல்லை. ஆனால் பணம் எங்கும் போய்விடவில்லை, கையில்தான் கிடக்கிறது. வெப்பமானி பர்ஸை மட்டும் எண்ணும், வளையலை எண்ணத் தெரியாது. மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக ஆடுகின்றன என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே கணக்கு. ஐஸில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு கை கோத்து நிற்கிறது. அந்தப் பிடிகளில் சிலவற்றை அவிழ்க்கும் செலவுக்குச் சூடு போகும்வரை ஆட்டம் கூடுவதில்லை, எண்ணும் ஏறுவதில்லை. முடை வந்தால் வளையலை அடகு வைக்கிறோம், ரொக்கம் திரும்ப வருகிறது. தண்ணீர் உறையும்போது அதே 80 கலோரி அப்படியே வெளியே வரும். அடகுக் கடைக்காரர் மாதிரி இதில் யாரும் வட்டி பிடிப்பதில்லை.

ஐஸ் கம்பெனியின் சுவர் சுட்டதற்குக் கணக்கு இதுதான். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை 0-க்குக் கொண்டுவர 30 கிலோ கலோரியைப் பிடுங்கினால் போதும். 0 டிகிரியிலேயே வைத்து அதை உறையவைக்க இன்னும் 80 பிடுங்க வேண்டும். குழாய்க்குள் அமோனியா திரவம் ஆவியாகும், ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை உப்புத் தண்ணீரிடமிருந்து வாங்கும். இயந்திரம் அந்த ஆவியை அமுக்கிப் பின்பக்கக் குழாய்களுக்குத் தள்ளும். அங்கே அது மறுபடி திரவமாகி, வாங்கிய சூட்டையெல்லாம் கக்கும். ஒன்பது வயதில் நான் தொட்ட சுவர், உறைந்துகொண்டிருந்த அத்தனை பாளங்களின் 80 கலோரியும் இயந்திரம் தன் பங்குக்குச் சேர்த்த சூடும் கலந்தது.

கடைக் கணக்குக்கு வருகிறேன். அப்பாவிடம் ஒரு வாடிக்கையாளர், கொஞ்சம் படித்தவர், "எதுக்குப்பா காசு கொட்டி ஐஸ் வாங்குறே, நல்லா ஜில்லுனு தண்ணி ஊத்துனா பத்தாதா" என்று கேட்டாராம். 200 கிராம் பால், 30 டிகிரியில் இருக்கிறது, 5 டிகிரிக்கு இறங்க வேண்டும் என்று வையுங்கள். பாலைத் தண்ணீராகவே எடுத்துக்கொண்டால் 5000 கலோரியை அதிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ், உருகுவதற்கு 80, உருகிய பின் 5 டிகிரிக்கு ஏற 5, ஆக 85 கலோரி எடுக்கும். 60 கிராம் ஐஸ் போதும், ஒரு கைப்பிடி. ஐஸுக்குப் பதிலாக 0 டிகிரித் தண்ணீர் என்றால்? ஒரு கிராமுக்கு 5 கலோரிதான். முழுசாக ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும். ஒரு கிளாஸ் பாலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்! ஐஸ் குளிர்விப்பது அது குளிராக இருப்பதால் அல்ல, உருகுவதால்.

குல்ஃபிக்கு அப்பா இன்னொரு வேலை செய்வார். நொறுக்கிய ஐஸில் கல்லுப்பை அள்ளிப் போட்டு, அதற்குள் பால் நிரப்பிய தகரக் குழல்களைச் செருகுவார். உப்பு பட்ட ஐஸ் 0 டிகிரிக்குக் கீழேயும் உருகும். உருகுவதற்கான 80 கலோரியைத் தன்னிடமிருந்தும் பக்கத்தில் இருக்கும் பாலிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டே உருகும். அதனால் கலவை இன்னும் கீழே, சரியான அளவில் கலந்தால் கழித்தல் 21 டிகிரிவரை போகும். ஐஸை உருகவைத்துப் பாலை உறையவைப்பது! அந்தத் தகரத்தில் விரல் ஒட்டிக்கொண்டு நான் அழுத கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வாங்கிய பாளத்தை உமிச் சாக்கில் புதைத்து வைப்போம். சில நாள் மரத்தூள், பெரும்பாலும் உமி. உமிக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று, வெளிச்சூட்டை உள்ளே விடாது. அப்பா உமியை அளைந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பத்தா ஒன்று சொல்வார். "ஒங்க தாத்தா இத எரிச்சுத்தாண்டி சோறு போட்டாரு."

தாத்தா ரங்கூனின் பஸுன்டாங் ஓடைக்கரையில் ஓர் அரிசி மில்லில் பாய்லருக்குத் தீப் போட்டவர். அந்தக் காலத்து மில்களுக்கு விறகும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம். நெல்லைக் குத்தினால் வரும் உமியே அடுத்த மூட்டை நெல்லைக் குத்தும் நீராவிக்கு எரிபொருள். உமி தணலில் நாளெல்லாம் நின்ற மனிதருக்கு அதைவிடப் பயம் வேறொன்றில். நீராவிக் குழாயில் எங்காவது கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாம் 'ஆவி' என்று பார்க்கும் வெள்ளைப் புகை உண்மையில் நீராவி அல்ல, குளிர்ந்து பொடித்துளிகளான தண்ணீர். கொதிக்கும் கெட்டிலின் மூக்குக்கு ஒட்டினாற்போல் ஒரு விரற்கடை வெற்றிடம் தெரியுமே, நிஜ நீராவி அங்கேதான் இருக்கிறது. அதனால் கசிவு இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம். துடைப்பம் சிதறினால் அங்கே நில். அப்பத்தா இதைப் பேய்க் கதை மாதிரிச் சொல்வார்.

அப்படிச் சொன்ன அப்பத்தாவுக்கே ஒரு நாள் பட்டது. இட்லிப் பானை மூடியைத் தன் பக்கமாகத் தூக்கிவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கொப்புளம். கொதிக்கிற தண்ணீரும் 100 டிகிரி, அதிலிருந்து கிளம்பும் நீராவியும் 100 டிகிரி. ஆனால் தோலில் பட்டதும் ஒரு கிராம் நீராவி முதலில் தண்ணீராக மாறும், மாறும்போது 540 கலோரியை அந்த இடத்திலேயே இறக்கிவைக்கும். பிறகுதான் உடம்புச் சூட்டுக்குக் குளிர்ந்து இன்னொரு 63 கலோரி. கொதிதண்ணீரிடம் அந்த 63 மட்டும்தான் இருந்தது. ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். "மூடிய அந்தப் பக்கமாச் சாய்ச்சுத் தெற" என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கை பிடித்துச் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

இட்லி வேகுவதும் இதே இறக்கிவைத்தலால்தான். மாவின்மேல் நீராவி தண்ணீராகி, தன் நகையை அங்கே ரொக்கமாக்கிவிட்டுப் போகிறது.

கிளாஸ்கோவை விட்டுவந்தேனே, ஒரு நிமிஷம் திரும்பிப் போகலாம். பிளாக் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்த்த இளைஞர் ஜேம்ஸ் வாட். 1763-64-இல் அவரிடம் ஒரு பழைய நீராவி இயந்திரத்தின் மாதிரியைச் சரிசெய்யக் கொடுத்தார்கள். கொஞ்சம் நீராவி தன்னைவிட ஆறு மடங்கு எடைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவதைப் பார்த்துத் திகைத்துப்போய் பிளாக்கிடம் கேட்டார். பிளாக் தன் உள்ளுறை வெப்பத்தைச் சொன்னார். அந்த இயந்திரத்தில் ஒவ்வோர் அடிக்கும் உருளையையே குளிரவைத்து, மறுபடி சூடாக்கி, நீராவியை வீணடித்துக்கொண்டிருந்தார்கள். நீராவியைத் தனிப் பாத்திரத்தில் குளிரவைத்தால் என்ன என்று 1765-இல் வாட்டுக்குத் தோன்றியது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1865-இல், கிளாஸ்கோக்காரர்கள் தொடங்கிய ஐராவதி ஃபுளோட்டில்லா கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் இந்த நாட்டு ஆறுகளில் ஓடின. ஸ்காட்லாந்தில் கட்டிப் பிரித்துக் கொண்டுவந்து, ரங்கூனுக்கு எதிர்க்கரை டல்லாவில் மறுபடி பூட்டுவார்கள். 1942-இல் ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாது என்று அவர்களே பெரும்பாலான கப்பல்களை மூழ்கடித்தார்கள். அந்த வருஷம் எங்கள் ஆட்கள் பட்ட பாடு தனிக் கதை, இங்கே வேண்டாம்.

இந்த ஊரில் தெருவோரம், மரத்தடியில், வழிப்போக்கர் குடிக்க மண்பானைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். புண்ணியத்துக்குச் செய்வது. நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தலேதான். ஏப்ரல் வெயில் 37 டிகிரி காயும்போதும் அந்தத் தண்ணீர் தொண்டையில் இதமாக இறங்கும். பானையின் மேனியில் கசியும் நீர் ஆவியாகிறது, சாதாரண வெயிலில் ஒரு கிராமுக்குச் சுமார் 580 கலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. 5 லிட்டர்ப் பானையில் 50 கிராம், அதாவது ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் ஆவியானால் மிச்சத் தண்ணீர் ஐந்தாறு டிகிரி குளிரும், வெளிச்சூடு உள்ளே புகாதவரை. மழை தொடங்கிவிட்டால் பானையும் சோம்பேறியாகிவிடும். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது கசிவு எங்கே ஆவியாகும்?

ஈரக் காற்று ஐஸுக்கும் பகை. மாசி வெயிலில் தாக்குப்பிடிக்கிற ஐஸ், மழைக்கு முந்திய வைகாசிப் புழுக்கத்தில் அதே வெயிலுக்குச் சீக்கிரம் கரைகிறது என்று அப்பா புலம்புவார். ஐஸ் கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்பது அவர் முடிவு. பாவம், அந்த ஆள்மேல் தப்பில்லை. குளிர்ந்த கிளாஸ் வியர்க்கிறதே, அந்த வியர்வையைக் குளிர்ச்சியின் அடையாளம் என்று விளம்பரப் படத்தில் போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் திருடன் நினைவு வரும். காற்றின் ஈரம் கிளாஸின்மேல் ஒரு கிராம் துளியாகப் படியும்போது 580 கலோரியை விட்டுவிட்டுப் போகிறது. அந்தச் சூடு உள்ளே போனால் ஏழு கிராம் ஐஸ் காலி. பாளத்தின்மேலும் அப்படித்தான், நேராகவே. அப்பாவிடம் இதை விளக்கினேன். "அப்ப அவன் நல்லவன்தானா" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இதே திருட்டு வானத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதை 2008 மே 2-ஆம் தேதி இரவு, நர்கிஸ் புயலில் பார்த்தோம். சூடான வங்கக்கடல் ஆவியாகி மேலே போகிறது, கடலின் சூட்டைச் சுருட்டிக்கொண்டு. உயரத்தில் குளிர்ந்து மழைத்துளியாகும்போது அத்தனையையும் கொட்டுகிறது. சூடான காற்று இன்னும் மேலே ஏற, கீழே இன்னும் ஈரக் காற்று உறிஞ்சப்பட, சுழல் தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது. ஒரு சதுரக் கிலோமீட்டரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஆயிரம் டன் தண்ணீர். அது மேகத்தில் துளியானபோது வெளிவந்த வெப்பம், மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய 6.8 லட்சம் யூனிட். நர்கிஸ் கொட்டியது ஒரு மில்லிமீட்டர் அல்ல, ஒரு சதுரக் கிலோமீட்டரிலும் அல்ல. ஐராவதிக் கழிமுகத்தில் அரசாங்கக் கணக்குப்படியே 84,500-க்கு மேல் இறந்தார்கள், 53,800-க்கு மேல் காணாமல் போனார்கள். இந்தப் பத்தியை வகுப்பில் நான் நடத்துவதில்லை. கரும்பலகையில் எழுதினால் கை நின்றுவிடுகிறது.

ரங்கூனில் எங்களுக்கு உயிர் தப்பியது. தெருவெல்லாம் வேரோடு சாய்ந்த பெரிய பெரிய மரங்கள். கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. கீழ்வீட்டு அக்காவுக்குத் தினம் இன்சுலின் போட வேண்டும். வீட்டில் இருந்த கடைசி ஐஸ் உமிக்குள் மூன்று நாள் தாங்கியது, அதற்குமேல் சாக்கில் ஈரம்தான் மிச்சம். அக்கா மருந்துக் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றி மண்பானைக்குள் தொங்கவிட்டார். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன், நம்பிக்கையில்லாமல்.

அப்பாவும் நானும் மரங்களைச் சுற்றிச் சுற்றிச் சைக்காவைத் தள்ளிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போனோம். கேட் பூட்டியிருந்தது. வெளியே ஐம்பது அறுபது பேர். காவலாளி உள்ளேயிருந்தே "யேகே மஷீபூ, யேகே மஷீபூ" என்று கை விரித்தார், ஐஸ் இல்லை என்று. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. எங்கெங்கோ ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்ததால், சத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை.

நான் சந்து வழியாகப் பின்பக்கம் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.

திரும்பி வந்து, "சுடுதுப்பா" என்றேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "அப்ப தண்ணி கட்டிக்கிட்டிருக்கு. விடியக் காலையில எறங்கிடும்" என்றார். சைக்காவை நிழலில் ஓரங்கட்டி, உமிச் சாக்கை உதறி விரித்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தார்.